ஊறட்டும் தம்பி!

அப்பாவின் சேத்தக் ஸ்கூட்டர் ஐந்து வருஷமாக கோவில்பட்டி வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. அவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 'இரும்புக் கடைக்குப் போட்டுடலாமாம்மா?' என்று போனில் கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். அதுதான் பதில் என்று புரிய எனக்கு ஒரு நாள் ஆனது.

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். எங்கள் ஊரில் ஃபேக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பெண்களுக்குக் கூலி கொடுக்க, சனிக்கிழமைதோறும் இந்த வண்டியில்தான் இடைசெவல், கழுகுமலை என்று சுற்றுவார். பணம் கட்டிவிட்டு ஸ்கூட்டருக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது.

பொங்கல் லீவில், நானே சரி பண்ணுவது என்று இறங்கினேன். நான் படித்தது பி.காம். வரவு செலவு தெரியும், ஸ்பானர் தெரியாது.

கார்புரேட்டர் என்பது ஒரு சமையல்காரன். காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலந்து இன்ஜினுக்குப் பரிமாறும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்திருக்கும். வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தால் பெட்ரோல் ஆவியாகிவிடும். பிசின் மட்டும் தங்கி, ஜெட் துளையை அடைத்துவிடும். கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் காற்று கசியாமலிருக்க ஒரு காகித கேஸ்கெட் இருக்கிறது. அது வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து, அப்பளமாகி, உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுரண்டினேன். பாதி வந்தது. மீதிக்காக இன்னும் அழுத்திச் சுரண்டினேன். புது கேஸ்கெட் வைத்து மாட்டி, பத்தாவது உதையில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்கவில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் அலறியது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "நிப்பாட்டுய்யா அதை! உங்க அப்பா வண்டி இப்படிக் கத்தாது."

தள்ளிக்கொண்டு போனேன். அந்த மெக்கானிக்குக்கு அறுபது தாண்டியிருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி, அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"எதை வச்சுச் சுரண்டுனீங்க தம்பி?"

"ஸ்க்ரூ டிரைவர், அண்ணாச்சி."

"அது இரும்பு. இது மெல்லிசுல்ல?"

என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். கீறல் நகத்தில் இடறியது. அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. காற்று கூடி, பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் தறிகெட்டு ஓடும், சூடேறும். அப்படியே விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கார்புரேட்டர் உட்காரும் பெட்டிப் பக்கம் பழைய கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்தார். தின்னரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டுவிட்டு டீ சொன்னார். நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊறட்டும் தம்பி. கரிசக்காட்டுப் புள்ளதான நீங்க? மழை பெஞ்ச அன்னைக்கே ஏர் பூட்டுவாகளா? மண்ணு ஒட்டிக்கிடும். ரொம்பக் காஞ்ச பெறகு போனா கொழு இறங்காது. பதம் பாக்கணும்ல."

இரும்புக் கடைக்குப் போடலாமா என்று போனில் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. டீயைப் பார்த்துக் குடித்தேன்.

இருபது நிமிஷம் கழித்து ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே மருந்து முக்காத வெறும் தீக்குச்சிகள்! அப்பாவின் ஆபீஸில் மூட்டை மூட்டையாகப் பார்த்த அதே குச்சி. நுனியைச் சாய்வாகச் சீவி, படுக்கை வாக்கில் தள்ளினார். அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கேஸ்கெட் உரிந்து வந்தது. "குச்சி தேஞ்சா வேற குச்சி. உலோகம் தேஞ்சா வேற உலோகத்துக்கு எங்க போக?"

ஜெட்டில் கம்பி விடவில்லை. துளை பெரிதானால் பெட்ரோல் கணக்கு தப்பிவிடுமாம். தின்னரும் காற்றும் மட்டும்தான். கண்ணாடிப் பலகையில் நைஸ் வாட்டர் பேப்பரை விரித்து, நான் போட்ட கீறல் மறையும்வரை கார்புரேட்டரின் அடிப்பக்கத்தை எட்டு எட்டாக வட்டமிட்டுத் தேய்த்தார். பொடி ஒன்றும் தங்காமல் கழுவினார். கிரீஸ் தடவி, காகிதத்தில் அச்சு எடுத்து, கத்தரியால் வெட்டிப் புது கேஸ்கெட் செய்தார்.

"இந்த வேலை என்னோட சரி தம்பி" என்றார். உண்மைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் பெரும்பாலான புது பைக், ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் இருந்த இடத்துக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதே வருஷம் சேத்தக் என்ற பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்தது மின்சார ஸ்கூட்டர். அதில் பெட்ரோலே கிடையாது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை விட்டேன். சத்தம் தணிந்து, நிதானமாக, ஒரே சீராக நின்றது. அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ம்... இதுதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெட்ரோல் வீணாப் போகுது, நிப்பாட்டு" என்றாள்.

நான் நிறுத்தவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.