சீதன வீட்டில் ஒரு மழைக்காலம்

நவம்பர் 6

விடியப்புறம் மூன்று மணிக்கு முன்னறையில் சொட்டுச் சத்தம். கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வீடு. வாடைக்காற்று ஓடுகளை நகர்த்திவிட்டது. சட்டியொன்றை வைத்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கார அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். “கொஞ்சம் பொறு புள்ள, மழ விடட்டும்” என்றா. போன வருசமும் இதே பதில்தான்.

நவம்பர் 10

இந்த மாத வாடகையைக் கொடுக்கவில்லை. கூரை சரியானால்தான் காசு. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

நவம்பர் 13

சட்டத்தரணியாக இருக்கும் சிநேகிதியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். “கூர அவட பொறுப்பு, வாடக உன்ட பொறுப்பு. நிலுவ வச்சுக்கொண்டு நீயே அவட கையில வழக்க எடுத்துக் குடுக்கிறாய்.” கூரை ஒழுகுவதைக் கடிதத்தில் எழுதி அனுப்பி, ஒரு பிரதியை வைத்திருக்க வேண்டுமாம். நானோ போனில் சொன்னதோடு சரி.

ஒப்பந்தம் எங்கே என்று கேட்டாள். கொப்பித் தாளில் எழுதிய முற்பணக் கணக்கைக் காட்டினேன். 1840ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். ஆக, ‘இரண்டு வருசம் இரு’ என்று அவ வாயால் சொன்னது சட்டத்தின் கண்ணில் மாதவாடகைதான். மாத முடிவில் முடியும்படி ஒரு மாத அறிவித்தல் தந்தால், அவவும் முடித்துக்கொள்ளலாம், நானும் முடித்துக்கொள்ளலாம்.

‘வாடகைக்காரன எழுப்பேலாது’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் நிழல். 1980க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நான் இருப்பதோ சுனாமிக்குப் பிறகு எழும்பிய வீடு.

அதற்காக யாரும் சாமான்களைத் தெருவில் போட முடியாது. அறிவித்தல் முடிந்தாலும் எழும்பாதவரை எழுப்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பலாத்காரமாகப் பூட்டினால், இரண்டு மாதத்துக்குள் 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் போகலாம். அமைதி குலையும் நிலை இருந்தால், இழந்த இருப்பைத் திரும்ப வாங்கித் தரும் வழி அது. அங்கே வீடு யாருடையது என்பதல்ல, யார் இருந்தார் என்பதே பார்க்கப்படும்.

நவம்பர் 16

வாடகையைக் கொண்டுபோனேன். பற்றுச்சீட்டுக் கேட்டதும் அம்மாவின் முகம் சுருங்கியது. “நம்பிக்க இல்லையா புள்ள?”

தேத்தண்ணி தந்தபிறகுதான் கதை வந்தது. வீடு மூத்த மகளின் சீதனம். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். என் வாடகையைச் சேர்த்து இரண்டாவது மகளுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறா. கூரைக்கு ஏன் கை போகவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அவவுக்கும் ஒரு பயம்: கலியாண நேரத்தில் நான் எழும்பாவிட்டால்?

2023இல் வந்த சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நொத்தாரிசு எழுதிய குத்தகை முடிந்ததும், இருப்பவர் எழும்பாவிட்டால் வீட்டை விரைவாக மீட்பதற்கான நடைமுறை அதில் இருக்கிறது. எழுத்தென்றால் நான் தனக்கு எதிராக ஏதோ செய்கிறேன் என்று நினைத்திருந்தவ, “அப்ப எழுதுவம்” என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஒரே கடதாசியைக் கண்டு இரண்டு வருசம் பயந்திருக்கிறோம்.

நவம்பர் 22

சித்திரை மாதக் கடைசி வரை என்று எழுதினோம். கூரை, கிணற்று மோட்டர் அவட கணக்கு. மின்சாரக் கட்டணமும், கேட்காமல் ஆணியடித்து நான் உடைத்த குளியலறை ஓடும் என் கணக்கு. உப்புக்காற்றில் கறள் பிடித்த யன்னல் கம்பியை இரண்டு பேரும் சேர்ந்து படமெடுத்து வைத்தோம், போகும்போது அதை என் தலையில் கட்டாமலிருக்க. முற்பணம் சாவி கொடுக்கும் நாளில் திரும்பும்.

பின்னேரம் ஓட்டுக்காரர் ஏறிப் பார்த்தார். மாற்ற வேண்டியது எட்டே எட்டு ஓடு.