அறுந்ததை அறிவிப்பது யார்?



வீட்டில் இணைய இணைப்பு நன்றாய் இருக்கும்போது அதை நாம் நினைப்பதில்லை. அது அறுந்துபோன வேளையிலும் உடனே அறிவதில்லை. படம் நகராமல் நிற்கும்போதும், அனுப்பிய செய்தி சேராமல் கிடக்கும்போதும்தான் அறிகிறோம். அறுந்த நேரத்துக்கும் அறிந்த நேரத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். தனித்து வாழ்கிற ஒருவருக்கு அந்த இடைவெளி மிகவும் நீண்டது.

நம் சபையில் வீட்டைவிட்டு வெளியே வர இயலாத மூதாட்டியார் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு ஆராதனையை டேப்லெட்டில் காண்கிறார். வளைகுடா நாட்டில் வேலைசெய்யும் மகனோடு இரவுதோறும் அதிலேயே முகம் பார்த்துப் பேசுகிறார். ஒருநாள் நான் சந்திக்கச் சென்றபோது சோர்ந்திருந்தார். "ஐயா, ரெண்டு நாளா பிள்ளை கூப்பிடல. என்மேல என்ன வருத்தமோ தெரியல" என்றார். டேப்லெட்டில் வைஃபை அடையாளம் நிறைவாகவே இருந்தது. அதனருகே ஒரு சிறிய ஆச்சரியக்குறி. அவருடைய கண்களுக்கு அது புலப்படவில்லை. மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் தடுமாறி நின்றிருந்தது. அதை அணைத்து மீண்டும் இயக்கியதும், மகனுடைய தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேர்ந்தன. மகனோ, அம்மா சீக்கிரம் உறங்கிவிட்டார் என்று எண்ணியிருந்தார். இணைப்பு அறுந்ததை இருவரும் அறியவில்லை. இருவரும் மௌனத்துக்குத் தாங்களாகவே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டார்கள்.

அந்த வைஃபை அடையாளம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். டேப்லெட்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள தொடர்பை மட்டுமே அது காட்டுகிறது. ரவுட்டருக்கு அப்பால் உலகத்தோடு தொடர்பு உண்டா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

கணினிகளுக்குள்ளும் இதே நிலைதான். டிசிபி என்னும் முறையில் இரண்டு கணினிகள் இணைந்தபின் இரண்டும் ஒன்றும் பேசாதிருந்தால், நடுவே கம்பி அறுந்துபோனாலும் இரு பக்கமும் இணைப்பு உண்டென்றே எண்ணிக்கொண்டிருக்கும். 'இருக்கிறாயா' என்று இடையிடையே விசாரிக்கும் வழக்கத்தை 1989-ல் வெளியான நெறிமுறை கட்டாயமாக்கவில்லை. விசாரிப்பதானாலும், இயல்பாக 2 மணி நேர மௌனத்துக்குப் பிறகே தொடங்கவேண்டும் என்றது. ஆகவே விரைவில் அறிய விரும்புகிறவர் தாமே கேட்கவேண்டும். 1983-ல் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், இதற்கென்று 'பிங்' என்னும் சிறிய நிரலை எழுதினார். கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கும் சோனார் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார்.

நம் சபையின் வாலிபர் ஒருவர், ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினியை அந்த மூதாட்டியாரின் வீட்டில் வைத்துக்கொடுத்தார். அது நிமிடத்துக்கு ஒருமுறை, முதலாவது அருகிலுள்ள ரவுட்டரிடம் கேட்கிறது; அதன்பின் வெளியே வெவ்வேறு இடங்களிலுள்ள இரண்டு கணினிகளிடம் கேட்கிறது. வெளியே ஒன்று மட்டும் மௌனமானால் அதைப் பொருட்படுத்துவதில்லை. ரவுட்டரோ, வெளியிலுள்ள இரண்டுமோ தொடர்ந்து 5 முறை பதில் தராவிட்டால், ரவுட்டருக்குச் செல்லும் மின்சாரத்தை 30 விநாடி நிறுத்தி மீண்டும் கொடுக்கிறது. பின்பு 5 நிமிடம் பொறுத்திருக்கிறது. ரவுட்டர் விழித்தெழவும், கண்ணாடியிழைக் கம்பியின் மறுமுனையோடு மீண்டும் தொடர்பு கொள்ளவும் அவகாசம் வேண்டும் அல்லவா? பொறுமையின்றி மறுபடியும் அணைத்தால், எழுந்துகொண்டிருப்பதை நாமே தள்ளிவிட்டதாகும். 3 முறை முயன்றும் பலன் இல்லையெனில், அது அணைப்பதை நிறுத்திவிடுகிறது. தெருவில் கம்பி அறுந்திருந்தால், வீட்டிலுள்ள ரவுட்டரை நூறுமுறை எழுப்பியும் பயனில்லை. அதைச் சரிசெய்ய ஆள் வரவேண்டும்.

அந்த ஆளுக்கு யார் சொல்வது? அறுந்துபோன வீட்டிலிருந்து, 'அறுந்துவிட்டேன்' என்ற செய்தி அதே இணைப்பின் வழியாய் வெளியே வராது. இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. வீட்டிலுள்ள கருவி 5 நிமிடத்துக்கு ஒருமுறை 'நலம்' என்று மட்டும் வெளியே சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே அதை எதிர்பார்த்து ஒன்று காத்திருக்கும். குறித்த நேரத்தில் 'நலம்' வராவிட்டால், அதுவே ஆபத்தின் செய்தி. இப்போது அந்த வீட்டின் குரல் 15 நிமிடம் நின்றால், வாலிபருடைய கைப்பேசி ஒலிக்கிறது. அவர் பக்கத்து வீட்டாரை அழைத்து, அம்மாவைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார்.

பிரியமானவர்களே, அந்தக் கருவியைவிட இந்த ஏற்பாடே என்னை அதிகமாய்ச் சிந்திக்கவைத்தது. தொடர்பு அறுந்தவர் தாம் அறுந்துபோனதைத் தாமே அறிவிப்பார் என்று நாம் காத்திருக்கிறோம். "தேவையென்றால் சொல்லியிருப்பாரே" என்கிறோம். சொல்லும் வழியே அல்லவா அறுந்துபோயிற்று? துக்கத்தில் இருப்பவரும், கடனால் நாணியிருப்பவரும், நோயால் ஒடுங்கியிருப்பவரும் பெரும்பாலும் அழைப்பதில்லை. அவர்களுடைய குரல் வராததைக் கவனிக்கிற ஒருவர் வெளியே இருக்கவேண்டும். வழக்கமாய் எப்போது அந்தக் குரல் வரும் என்று அறிந்தவருக்குத்தான் அது வராததும் தெரியும்.

ஒரு ஞாயிறு வராததற்காகப் பதறவேண்டாம். ஒரு பதில் தவறுவது எவருக்கும் நேரும். தொடர்ந்து வராவிட்டால் கேளுங்கள். கேட்டபின் அவர் எழுந்துவர அவகாசம் கொடுங்கள். நம்மால் இயலாதது என்று கண்டால், அதற்குரியவரை அழைத்துச் செல்லுங்கள்.

இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் தனித்திருக்கும் முதியவர் வீட்டுக்குச் சென்று, அவருடைய இணைப்பு உண்மையில் இயங்குகிறதா என்று பாருங்கள். ரவுட்டர் எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைத்து இயக்குவது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைத்து வாருங்கள். அடுத்து, சில வாரங்களாய் உங்களுக்கு அழைப்பு வராத ஒருவரை நினைவுகூருங்கள். அவர் அழைக்கட்டும் என்று இராமல் நீங்களே அழையுங்கள். 'நலமா' என்ற ஒரு சொல் போதும். பதில் வருமட்டும் காத்திருங்கள்.

உங்கள் இல்லத்தார் யாவருக்கும் என் ஜெபங்களும் வாழ்த்துக்களும்.