மூட்டையை ஏற்றலாமா?

விருதுநகரில் உங்களுக்கு ஒரு மிளகாய் வற்றல் கடையும் கிடங்கும் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சிவகாசியிலும் அப்படியே ஒரு கடை, ஒரு கிடங்கு. சிவகாசிக் கடையில் கேட்கிற சரக்கு விருதுநகர்க் கிடங்கில் கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? கேட்கும்போதெல்லாம் ஆள் அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வரச் சொல்வீர்களா? அல்லது மூட்டையையே லாரியில் ஏற்றி விடுவீர்களா?

நான் இரண்டு ஊருக்கும் நடுவே ஆமத்தூரில் உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். சாலையில் லாரி போகும்போதெல்லாம், "அங்கேயும் இதே வழக்குத்தானே!" என்று எனக்குத் தோன்றும்.

பெரிய கம்ப்யூட்டர்களில் செயலி ஒன்றல்ல. இரண்டோ, அதற்கு மேலோ இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தனி நினைவகம். 2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் தொடங்கி வைத்த 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரும் இப்படி இரட்டைச் செயலிகளைக் கோத்துக் கட்டியதுதான். தன் கிடங்கில் இருப்பதைச் செயலி சட்டென்று எடுத்துவிடும். அடுத்தவர் கிடங்கில் இருந்தாலோ, சாதாரணமாக ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு நேரமாகும்.

நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து நிர்வாகம் செய்கிறவர் கெர்னல் என்னும் கணக்குப்பிள்ளை. லினக்ஸ் கெர்னலில் பக்கங்களை இடம் மாற்றும் வசதி 2006-ல் வந்தது. 2013-ல், யாரும் சொல்லாமல் தானாகவே பார்த்து மாற்றும் ஏற்பாடும் வந்துவிட்டது.

மாற்றுவது லேசான காரியமா? முதலில் அந்தப் பக்கத்தை யாரும் தொடாதபடி பூட்ட வேண்டும். பழைய விலாசத்தைக் குறித்து வைத்திருக்கும் செயலிகளிடமெல்லாம் "அதை அழித்துவிடு" என்று சொல்லியனுப்ப வேண்டும். பிறகு பிரதி எடுத்து, புது விலாசம் எழுத வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் வேண்டியவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

எந்தப் பக்கம் யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிப்பதிலும் செலவு உண்டு. கணக்குப்பிள்ளை வேண்டுமென்றே பக்கத்தை ஒளித்து வைத்துவிட்டு, யார் கூப்பாடு போடுகிறார்கள் என்று பார்ப்பார்! ஒரு தடவை கத்தினால் போதாது; அதே பக்கத்திலிருந்து அடுத்த தடவையும் குரல் வந்தால்தான் சாதாரணமாக லாரியைக் கூப்பிடுவார். வீண் போக்குவரத்தைத் தடுக்க அப்படி ஒரு விதி.

விதியும் சில சமயம் உதவாது. நான் வேலையில் இருந்தபோது ஒரு தீபாவளி வாரம்; ஒரு கம்பெனியின் போனஸ் பட்டுவாடா செய்யும் இயந்திரம் ஆமையாகிவிட்டது. போனஸ் என்றால் என்னவென்று எங்கள் ஊர்ப் பக்கம் கேட்க வேண்டும். வருஷம் முழுக்கப் பட்டாசு செய்தவர் வீட்டுக்குப் புதுத் துணி வருவது அதில்தான். பார்த்தால், இரண்டு செயலிகளும் ஒரே ஏடுகளைக் கேட்டுக் கொண்டிருந்தன! எங்கே வைத்தாலும் ஒருவருக்குத் தூரம். கணக்குப்பிள்ளையோ ஒளிப்பதும் ஏற்றுவதுமாக ஓயாமல் உழைத்தார். அந்த உழைப்பே பாரமாகிவிட்டது. ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கினால் அந்த ஏற்பாடு நின்றுவிடும். நிறுத்தினோம். பக்கங்களை இரு கிடங்கிலும் மாறி மாறிப் பரப்பி வைத்தோம். எல்லாருக்கும் பாதிச் சரக்கு தூரத்தில்தான். ஆனால் லாரிச் செலவு இல்லை. பொழுது சாய்வதற்குள் பட்டுவாடா முடிந்தது.

அதற்காக, நகர்த்துவதே தப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு செயலி மட்டும் மணிக்கணக்காக ஒரே தகவலை வைத்துக் கணக்குப் போடுமானால், ஒரு தடவை ஏற்றி இறக்கிய கூலி நூறு பங்காகத் திரும்பும். நகர்த்துவது கடன் வாங்குகிற மாதிரி. பிற்பாடு வரும் உபயோகம்தான் அதை அடைக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கணக்குப்பிள்ளைக்கு நேற்று நடந்தது மட்டுமே தெரியும். நாளைக்கு யார் கேட்பார் என்பது வேலையைக் கொடுத்தவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அந்தப் பாவம் இருட்டில் தடவ வேண்டாம், பாருங்கள்!