டிக்... டிக்... ஒரு வன்தட்டும் சித்தப்பாவின் காலண்டர்களும்

"டிக்." கொஞ்சம் அமைதி. மறுபடியும் "டிக்." பல்லி என்றுதான் சித்தப்பா பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

சித்தப்பா சிவகாசியில் சின்னதாக ஒரு டிசைனிங் சென்டர் வைத்திருக்கிறார். வெடிப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் மேலே காலண்டர். ஆடி 18 அன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது விருதுநகரில் இருந்த எனக்கு போன் வந்தது. "டேய், உன் லேப்டாப் சத்தம் போடுதுடா. வந்து பாரு."

என் லேப்டாப் என்றால், உண்மையில் அது அக்காவுடையது. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நான் லினக்ஸ் என்ற ஒன்றைப் பார்த்ததே அதில்தான். பின்னாளில் ஒரு லீவில் இரண்டையும் அழித்து டெபியன் போட்டு, கடையின் பழைய டிசைன்களைச் சேர்த்துவைக்கும் பெட்டியாக மாற்றிக் கொடுத்துவிட்டேன். வைரஸ் தொல்லை இல்லை என்று பெருமை வேறு பேசியிருக்கிறேன். அதனால் இப்போது ஏதாவது ஆனால் பொறுப்பு என்னுடையது.

பஸ் பிடித்துப் போனேன். ஸ்மார்ட்மான்டூல்ஸ் வைத்து வன்தட்டின் ஜாதகத்தைப் பார்த்தால், 193-ம் வரிசையில் 7 லட்சத்துக்கு மேல் ஓர் எண். படிக்கும் முனையைத் தட்டின் மேலிருந்து ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, மறுபடி எடுத்த தடவைகளின் கணக்கு அது. லேப்டாப் வன்தட்டுகளுக்குப் பொதுவாக 6 லட்சம்தான் உத்தரவாதம். சில நொடி வேலையில்லை என்றால் முனையை ஓரம் கட்டச் சொல்லுவது வன்தட்டுக்குள்ளேயே இருக்கும் நிலைப்பொருள் (அதாங்க, ஃபர்ம்வேர்). லினக்ஸோ சும்மா இருக்கும்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். இது ஓரம் கட்ட, அது எழுப்ப, டிக் டிக். 2007-லேயே உபுண்டு பயனர்கள் இதைப் பற்றிப் பெரிய சண்டை போட்டிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

எச்டிபார்ம் என்ற கருவியில் மின்சேமிப்பு அளவை 128-லிருந்து 254 ஆக்கினேன். சத்தம் நின்றது. சித்தப்பா டீ வாங்கி வந்தார். மறுநாள் காலை மெஷினை அணைத்துப் போட்டதும், மறுபடி டிக். அந்த அமைப்பு மின்சாரம் போனால் மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் தானாகச் சொல்ல அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. நிலைப்பொருளையே மாற்றிவிட்டால்?

தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குப் புதிய நிலைப்பொருள் இருந்தது. ஆனால் விண்டோஸில் ஓடும் நிரலாக மட்டும். வைனில் ஓட்டிப் பார்த்தேன், வன்தட்டே இல்லை என்றது. மெய்நிகர் கணினி வைத்தால் அதற்குத் தெரிவதும் மெய்நிகர் வன்தட்டுதான். கழற்றி, கடையின் விண்டோஸ் மெஷினில் நேரடியாக மாட்டலாம். "ஆடி மாசத்துல அந்த மெஷின்ல கை வச்சே..." சித்தப்பா வாக்கியத்தை முடிக்கவில்லை, முடிக்க வேண்டியதும் இல்லை.

இப்போது லினக்ஸுக்கு வழிகள் வந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எஃப்டபிள்யூஅப்டி இருக்கிறது, சீகேட் திறமூலமாகவே ஓப்பன்சீசெஸ்ட் கொடுக்கிறது. ஆனால் இந்த மாதிரிப் பழைய தட்டை யார் கவனிப்பார்கள்? மிச்சம் எச்டிபார்ம்தான். நிலைப்பொருள் கோப்பை அதனிடம் கொடுத்தால், இரண்டு சொற்றொடர்களை நம் கையால் தட்டச்சச் சொல்கிறது. ஒன்று, "நான் செய்வது எனக்குத் தெரியும்". இரண்டாவது, "தயவுசெய்து என் டிரைவை அழித்துவிடு". நிஜமாகத்தான் :-) எழுதியவர் மார்க் லார்ட், இதைப் பயன்படுத்தாதே என்று கையேட்டிலும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்.

முதல் சொற்றொடரிலேயே நின்றுவிட்டேன். எனக்குத் தெரியுமா?

அன்று இரவு சீகேட் 7200.11 கதையைப் படித்தேன். 2008 கடைசியில் அந்த வன்தட்டுகள் திடீர் திடீரென்று எழாமல் போயின. உள்ளே இருக்கும் ஒரு நிகழ்வுப் பதிவேட்டின் எண்ணிக்கை மின்சாரம் கொடுக்கும் நேரத்தில் சரியாக 320-ல் நின்றால் நிலைப்பொருள் ஸ்தம்பித்துவிடும். தகவல் எல்லாம் பத்திரமாக உள்ளேயே இருக்கும், எடுக்க முடியாது. 2009 ஜனவரியில் கம்பெனி திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தமே சில 500 ஜிபி தட்டுகளைச் செயலிழக்கச் செய்ய, அதைத் திரும்பப் பெற்று வேறு வெளியிட்டார்கள். செய்தவர்களுக்கே இந்தக் கதி. என்னிடம் இருந்ததோ பாட்டரி செத்துப்போன லேப்டாப், எப்போது வேண்டுமானாலும் போகும் சிவகாசி கரண்ட்.

காலையில் புது வன்தட்டு வாங்கி டிடிரெஸ்க்யூவில் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். முதலில் சரசரவென்று ஓடியது. கடைசிப் பகுதியில் எறும்பு வேகம். ராத்திரி முழுக்கக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன், ஆஃப்செட் மெஷின் ஓடும் சத்தம் பக்கத்துச் சந்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. விடியும்போது ஒரு சின்னப் பகுதி தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பகுதியில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. சித்தப்பா கடை ஆரம்பித்த வருஷம் செய்த முதல் காலண்டர், முருகன் படம்.

சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சடிச்ச ஷீட் வீட்ல பரண்ல கிடக்கும். ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்றார். அப்புறம், "அந்த என்னமோ மாத்தணும்னியே, அதைப் பண்ணிட்டியா?"

"இல்ல சித்தப்பா. பண்ணல."

புதுத் தட்டை லேப்டாப்பில் மாட்டிவிட்டேன். பழசு என் ஹாஸ்டல் மேஜையில் இருக்கிறது. அதில் இழக்க இனி ஒன்றுமில்லை, செமஸ்டர் முடிந்ததும் அந்த இரண்டு சொற்றொடர்களையும் தட்டச்சுவதாக இருக்கிறேன்.