பவர் விண்டோவைக் கைப்பிடிக்கு மாற்றுதல்

காரின் கதவுக்குள் இருந்துகொண்டு கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி ரெகுலேட்டர். உதிரிபாகக் கடைகளில் அதை விண்டோ மெஷின் என்பார்கள். அதைச் சுழற்றுவது மோட்டாரா, கையா என்பதே பவர் விண்டோவுக்கும் ஹேண்டில் வைத்த கதவுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு. ஒரே மாடலில் கண்ணாடியும் அது ஓடும் தடமும் கதவின் தகடும் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவானவை. 2000-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி ஆல்டோ இதற்கு நல்ல சான்று. அதன் எல்எக்ஸ் வகையில் கண்ணாடிக்கு ஹேண்டில். எல்எக்ஸ்ஐ வகையில் முன்கதவுகளுக்கு மோட்டார், பின்கதவுகளுக்கு ஹேண்டில். ஒரு காருக்குள்ளேயே இரண்டு முறைகளும் அடுத்தடுத்து வேலை செய்தன. பழைய காரின் பவர் விண்டோவைக் கைப்பிடிக்கு மாற்ற முடிவது இந்தப் பொதுத்தன்மையால்தான்.

ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் பற்கள் கொண்ட விசிறி வடிவத் தகடு திரும்ப, அதோடு இணைந்த கை கண்ணாடியைத் தூக்கும். மற்றொன்றில் உருளையில் சுற்றிய எஃகுக் கேபிள் கண்ணாடியை இழுக்கும். எந்த வகையானாலும் ஏறிய கண்ணாடி தன் எடையால் கீழே இறங்கிவிடக் கூடாது. மோட்டார் உள்ள கதவில் இதைப் பார்த்துக்கொள்வது வார்ம் கியர். மோட்டார் அதைச் சுழற்றலாம். கண்ணாடியின் எடையால் அதைத் திருப்பிச் சுழற்ற முடியாது. ஹேண்டில் உள்ள கதவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சுருள்வில். ஒரு கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டி அது விறைப்பாக அமர்ந்திருக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் வில் உள்பக்கம் சுருங்கிப் பிடி விடும். கண்ணாடியின் பக்கமிருந்து அழுத்தம் வந்தால் விரிந்து இறுகும். மின்சாரமே தேவைப்படாத இந்தச் சிறு பிரேக், இயந்திர வடிவமைப்பின் மிக அழகான தீர்வுகளில் ஒன்று.

பவர் விண்டோ நின்றுபோனதும் மோட்டாரைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் காரணம் வேறு இடத்திலும் இருக்கலாம். கதவு திறந்து மூடும்போதெல்லாம் கீல் அருகே ரப்பர் உறைக்குள் மடங்கும் வயர், காலப்போக்கில் உள்ளுக்குள் அறுந்துபோகும். பல பழைய கார்களில் மோட்டாருக்கான மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே செல்வதால், அதன் முனைகள் கருகும். கண்ணாடி ஓடும் பீடிங் ரப்பர் வெயிலில் இறுகினால், நல்ல மோட்டாரும் திணறிச் சூடாகும். ரப்பரைச் சுத்தம் செய்து சிலிக்கான் ஸ்பிரே அடிப்பது, வயரைச் சரிசெய்வது, சுவிட்ச் மாற்றுவது ஆகியவற்றால் தீரும் பழுதுக்குக் கதவின் அமைப்பையே மாற்ற வேண்டியதில்லை.

உரிய மோட்டார் கிடைக்காதபோது, அல்லது அதன் விலை பழைய காரின் மதிப்புக்குப் பொருந்தாதபோது மாற்றம் நியாயமாகிறது. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரின் கதவு மின்பாகங்கள் அடுத்தடுத்துப் பழுதாகும்போதும் அப்படியே. அந்நிலையில் முதலில் பார்க்க வேண்டியது, அதே மாடலை நிறுவனம் ஹேண்டிலோடும் விற்றதா என்பது. விற்றிருந்தால், உள்தகட்டில் ஹேண்டில் தண்டு வெளிவரும் துளையோ அதற்கான அடையாளமோ பெரும்பாலும் இருக்கும். அந்த மாடலே ஹேண்டிலோடு வரவில்லை என்றால் தகட்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டிவரும். கதவின் வலிமையைக் குலைக்கும் அந்த வேலையைத் தவிர்ப்பதே நல்லது. கண்ணாடியின் இயக்கம் கணினி அலகோடு பின்னிப்பிணைந்த புதிய கார்களும் இதற்கு ஏற்றவை அல்ல.

தேவையான பாகங்கள்: அந்தந்தக் கதவுக்குரிய முழு ரெகுலேட்டர், ஹேண்டில், அதன் அடியில் வைக்கும் பிளாஸ்டிக் வளையம், பூட்டுக் கிளிப், ஹேண்டிலுக்குத் துளையுள்ள டோர் பேட் (கதவின் உள்பக்க மூடி). இடது, வலது ரெகுலேட்டர்கள் வேறு வேறு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் இவற்றை ஒரே காரிலிருந்து தொகுப்பாக வாங்கினால் பொருத்தம் பற்றிய கவலை இல்லை. வாங்கும்போதே தண்டைச் சுழற்றியும், கண்ணாடி பொருந்தும் பகுதியைக் கையால் அழுத்தியும் பார்க்க வேண்டும். அழுத்தும்போது அது இறங்கினால் உள்ளிருக்கும் சுருள்வில் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

வேலை பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவதில் தொடங்கும். டோர் பேடை எடுத்தபின் உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாளைக் கிழியாமல் உரிக்க வேண்டும். கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து விடுவித்துக் கையால் முழுக்க மேலேற்றிக் கதவுச் சட்டத்தோடு சேர்த்து வலுவான டேப்பால் கட்டிய பிறகே ரெகுலேட்டரின் போல்ட்டுகளைத் தொடலாம். மிகுந்த கவனம் தேவைப்படுவது இதற்குப் பின்தான். விசிறித் தகடு வகை ரெகுலேட்டர்கள் பலவற்றில் கண்ணாடியின் எடையைச் சமன்செய்ய முறுக்கிய வில் ஒன்று இருக்கும். விசிறித் தகட்டை அசையாமல் பிணைக்காது மோட்டாரைப் பிரித்தால், அந்த வில் ஒரே வீச்சில் அவிழ்ந்து விரலைச் சிதைத்துவிடும். ஆகவே மோட்டாரைப் பிரிக்காமல் ரெகுலேட்டரை முழுதாக வெளியே எடுப்பதே பாதுகாப்பு.

புதியதை மாட்டும்போது தடத்தில் கிரீஸ் இட்டு, போல்ட்டுகளைத் தளர்வாக வைத்துக் கண்ணாடியை ஓரிரு முறை ஏற்றி இறக்கி, அது நேராக ஓடும் நிலையில் இறுக்க வேண்டும். மிஞ்சிய வயர்களை வெட்டாமல், கனெக்டர்களை டேப் சுற்றிக் கண்ணாடி உரசாத இடத்தில் கட்டிவைத்தால் பின்னால் வருபவர் பழைய அமைப்புக்குத் திரும்பலாம். சென்ட்ரல் லாக் வயரும் அதே கட்டில்தான் வரும் என்பதால் வெட்டுவது வேறு தொல்லைகளையும் தரும். பல கார்களில் எதிர்ப்பக்க மோட்டாருக்கான மின்பாதை ஓட்டுநர் பக்கச் சுவிட்ச் வழியாகச் செல்கிறது. ஓட்டுநர் கதவை மட்டும் மாற்றி அந்தச் சுவிட்சை அகற்றினால் மற்றக் கண்ணாடியும் நின்றுவிடும். பவர் விண்டோ ஃபியூஸைப் பிடுங்குமுன், வேறு எதற்கும் அது மின்சாரம் தருகிறதா என்று வரைபடத்தில் பார்ப்பது அவசியம்.

பாலித்தீன் தாளை இடைவெளியின்றித் திரும்ப ஒட்டுவதையும், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளின் அடைப்பை நீக்குவதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. வெளியேற வழி இல்லாவிட்டால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். கடைசியாக, கண்ணாடி முழுக்க மூடிய நிலையில் முழங்காலில் இடிக்காத கோணம் பார்த்து ஹேண்டிலைத் தண்டில் செருகிக் கிளிப்பைப் பூட்ட வேண்டும். பின்னாளில் அதைக் கழற்ற, ஹேண்டிலுக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு துணியை நுழைத்து இருபுறமும் மாறிமாறி இழுத்தால் கிளிப் வெளியே வந்துவிடும்.

மாற்றத்தால் இழப்பும் உண்டு. ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே எதிர்ப்பக்கக் கண்ணாடியை மூட முடியாது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஹேண்டில் சிரமம். இவற்றை ஏற்க முடிந்தவருக்கு, பேட்டரி தீர்ந்தாலும் திறக்கும் கண்ணாடியும், ஊரில் உள்ள எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்ளும் கதவும் கிடைக்கின்றன. வசதி குறைந்த வகைக்கென்று நிறுவனமே வடிவமைத்துச் சோதித்த பாகங்களைப் பொருத்துவதால், இது காரின் தரத்தைக் குறைப்பதாகாது. தன்னால் பராமரிக்க முடிந்த அமைப்போடு பழைய காரை ஓட்டத்தில் வைத்திருப்பது உரிமையாளரின் நல்ல தேர்வு.