தோற்கவும் கற்க வேண்டும்

சென்ற வாரம் எம் மாணவன் ஒருவனுடன் சதுரங்கம் ஆடினோம். கறுப்புக் காய்களுடன் ஆடிய அவன் எம் அரசனை மடக்கும் தறுவாயில், “மணியடித்துவிட்டது” என்று கூறிக் காய்களைக் கலைத்துவிட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய ஆட்டமொன்று நினைவிற் புகுந்து உறுத்தியது.

1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள், நியூயோர்க் நகரில் நடந்த போட்டியொன்றில், 13 வயதுச் சிறுவன் பொபி பிஷர் கறுப்புக் காய்களுடன் டொனால்ட் பேர்ணை எதிர்த்தான். பேர்ண் 1953இல் அமெரிக்கத் திறந்த போட்டியில் வாகை சூடியவர். 17ஆம் நகர்விற் சிறுவன் தன் இராணியைக் காவாது விட்டான். பேர்ண் அதனை வெட்டினார். பின்னர் சிறுவனின் குதிரையும் மந்திரியும் வெள்ளை அரசனை அலைக்கழித்தன. இராணிக்கு விலையாக ஒரு கோட்டையும் இரு மந்திரிகளும் பறிபோயின.

தோல்வி தெளிந்ததும் ஆட்டத்தை விட்டெழுதல் வல்லுநர் வழக்கம். பேர்ண் எழவில்லை. 41ஆம் நகர்வில் அரசன் மடங்கும்வரை ஆடி, சிறுவனின் வெற்றி முழுமைபெற இடமளித்தார். பிற்காலத்தில் அவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார், அவரும் ஆசிரியரே!

மறுநாள் அம்மாணவனை அழைத்து, “தம்பி, நேற்று வென்றவர் நீர்தான்” என்றோம். அவன் நாணத்துடன் காய்களை அடுக்கினான். இம்முறை மணியடித்த பின்பும் நாம் எழவில்லை.