பொம்மை எஞ்சினின் புகை

பொம்மை இரயிலின் புகை வண்டியை இழுப்பதில்லை. சக்கரத்தைச் சுற்றுவது மின்சாரம். புகை வெறும் வேடிக்கை. வேடிக்கைக்காக ஒருவன் இத்தனை பாடுபடுவானேன் என்று எங்கள் தோட்டத்து நண்பர்கள் நகைப்பதுண்டு. நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கேமரன் மலையை விட்டுத் தம் நாடு திரும்பிய துரை ஒருவர், இங்கே கிராணியாயிருந்த என் தந்தையாருக்குக் கொடுத்துச் சென்ற அமெரிக்க லயனல் எஞ்சின் அது. அக்கம்பெனியார் 1946-இல் முதன்முதலாகப் புகை எஞ்சின்களை விற்றபோது, ஒரு பல்பின் சூட்டைக் கொண்டே மாத்திரையை உருக்கினர். அது சரிப்படவில்லை. 1947-இல் பல்பை நீக்கிக் கம்பிச்சுருளை வைத்தனர். எங்களுடையது இந்த இரண்டாம் வகை. புகைபோக்கியின் அடியில் ஒரு சிற்றறை. அதனுள் நிக்ரோம் கம்பி சுற்றிய சுருள். பக்கத்தில், சக்கரம் சுழலச் சுழல ஏறியிறங்கும் பிஸ்டன். சுருளின் சூட்டில் மாத்திரை உருகிப் புகையாகும். பிஸ்டன் ஊதும் காற்று அதனைக் குப்குப்பென்று மேலே தள்ளும்.

தந்தையார் காலத்தில் அது ஒரே ஒரு நாள்தான் புகைந்தது. அன்று பாட்டி எழுந்து உள்ளே போனவர், இரவு உணவும் கொள்ளவில்லை. 1943-இல் அவருக்கு வயது ஆறு. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து அவருடைய தகப்பனாரைச் சயாம் பாதை போட அழைத்துச் சென்றனர். தாப்பா ரோடு ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியில் ஏற்றியதைப் பாட்டி கண்ணாரக் கண்டவர். 415 கிலோமீட்டர் பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட நம்மவர் பல்லாயிரவர், அவரும் திரும்பவில்லை. 1957-இல் வெள்ளைக்காரர்கள் அந்தப் பாதையின் பாலத்தைப் பற்றி எடுத்த சினிமாவை உலகமே கொண்டாடிற்று. அது வெள்ளைச் சிப்பாய்களின் கதை. நம்மவர் கதை அதில் இல்லை. தந்தையார் மறுநாளே சுருளின் இணைப்பைக் கழற்றிவிட்டார்.

சென்ற பொங்கலன்று குழந்தைகளுக்காக எஞ்சினை ஓட்டினேன். பாட்டி சுவரோரம் அமர்ந்திருந்தார். “ஏன்யா, இந்த வண்டிக்குப் புகையே வராதா?” என்று கேட்டார். எனக்குப் பேச்செழவில்லை.

அன்றிரவே மேலோட்டைக் கழற்றினேன். அறை முழுவதும் மாத்திரைக் கசடு பாறைபோல் இறுகியிருந்தது. துரை வீட்டுப் பிள்ளைகள் ஒன்று போதுமிடத்தில் ஐந்தாறு திணித்திருக்க வேண்டும். இந்த மலையின் ஈரம் வேறு தகர மூடியைத் துருவாக்கியிருந்தது. கசட்டை மெல்லச் சுரண்டி எடுத்தேன். பிஸ்டனிலிருந்து அறைக்குக் காற்றுச் செல்லும் துளையை மெல்லிய கம்பியால் திறந்தேன். பிஸ்டனைத் துடைக்க வேண்டுமேயொழிய எண்ணெயிடலாகாது. எண்ணெய் பிசுபிசுத்து அதனை ஒட்டச் செய்துவிடும்.

சுருள் அறுந்து கிடந்தது. பழைய துக்கம் வீட்டுக்கு வரலாகாதென்று எஞ்சினே தடுக்கிறது என்றார் அண்டை வீட்டு அம்மையார். வறண்டு எரிந்தால் எந்தக் கம்பியும் அறும். இதில் சகுனத்துக்கு வேலையில்லை. ஆனால் அவரிடம் இவ்வளவு பேசிய நான், தபாலில் வந்த புதுச் சுருளைப் பொருத்தியதும், எண்ணெய் விடாமலே மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு தீய்ந்த வாடை, அவ்வளவுதான். மறு சுருள் வர மூன்று வாரம் ஆயிற்று. எண்பத்தெட்டு வயது மூதாட்டியைக் காத்திருக்க வைக்கும் மூன்று வாரம்!

இம்முறை சுருளோடு புதுத் திரியும் வைத்தேன். மாத்திரைக்குப் பதில், இதற்கென்றே விற்கும் புகை எண்ணெய் சில துளிகள். மண்ணெண்ணெய் ஊற்றலாமே என்றான் என் மைத்துனன். வீட்டைக் கொளுத்தும் யோசனை அது. துளி மிகுந்தால் புகை எழாமல் அறை மூழ்கும். குறைந்தால் கம்பி போகும்.

பாட்டியின் எதிரே வண்டியை விட்டேன். முதற் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றில் வெண்புகை எழுந்தது. அவர் எழுந்து போகவில்லை. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “அப்பா கையைக் காட்டினாரு. புகையிலே மொகம் தெரியலே,” என்றார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் எவரிடமும் கூறாதது.

புகை மெலியத் தொடங்கிற்று. நான் விசையை நிறுத்தக் கை நீட்டினேன்.

“இன்னொரு சுத்து விடுய்யா,” என்றார்.

வண்டியை நிறுத்தி, புகைபோக்கியில் மேலும் இரண்டு துளி விட்டேன்.